ஊர்க்காவலன் அண்ணன் கொடுத்த மஞ்சள் கடுதாசி

எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒருத்தரை வாய் கூசாமல் ஏச வேண்டுமென்றால், “நீ மஞ்சக் கடுதாசி குடுக்கப் போற ஆளுதானலே” என்பார்கள். வாங்கின கடனைக் கட்டவே வழியில்லை என்று கோர்ட்டில் திவால் மனுப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர். ஊர்க்காவலன் அண்ணன் அந்தச் சொல்லை யாரைப் பார்த்தும் சொன்னவரில்லை. கடைசியில் அவரேதான் அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்தும் அது அவரைக் காக்கவில்லை. ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கூடவே போய்வந்தவள் என்பதால் நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் வேன் ஓட்டினவர். எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். இவர் லைசென்ஸ் எடுத்து, பல வருசம் ஒரு முதலாளியின் வேனை ஓட்டி, பிறகு பைனான்ஸில் சொந்தமாக ஒன்று வாங்கினார். வாங்கின அன்று எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு காசு வாங்காமல் திருத்தங்கல் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தார்.

காலையில் அவர் ஹாரன் அடித்தால் தெருவே பரபரக்கும்.

“அண்ணே, அடிக்காதீக, இன்னும் சோத்துச் சட்டிய மூடல” என்று ஒருத்தி வீட்டுக்குள் இருந்து கத்துவாள்.

“நீ மெதுவா மூடு தாயி. அங்கன வாச்மேன் கம்பெனி கேட்ட மூடிருவான். ரெண்டு பேரும் சேந்து மூடுங்க” என்பார். ஆனாலும் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்.

அவருடைய பெண்சாதி மாடத்தி மைனியும் எங்களோடுதான் வெடிக்குத் திரி வைக்க வந்தாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை ரெண்டு பேரும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. முப்பிடாதி அம்மன் கோயில் வேலை என்றால் முதல் ஆளாக நிற்பார்கள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனிப் பொங்கல் முடிந்து வரிப்பணத்தில் மிச்சம் நிற்பதைப் பெட்டியில் போட்டு வைக்க மாட்டோம். அம்மன் முன்னால் விளக்கேற்றி, தேவைப்பட்ட குடும்பத்துக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார்கள். அடுத்த பொங்கலுக்குக் காப்புக் கட்டுமுன் சின்ன வட்டியோடு அதே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். கையெழுத்து கிடையாது. வைக்காதவன் வீட்டுக்குக் காப்பு இல்லை. என் நினைவு தெரிந்து அந்தப் பணத்தை யாரும் வைக்காமல் இருந்ததில்லை. அதைக் கடன் என்று நாங்கள் சொல்வதுமில்லை. அம்மன் பணம் என்போம். ஒரு வருசம் வேனுக்கு டயர் மாற்ற, இன்சூரன்ஸ் கட்ட என்று அண்ணன் நாற்பதாயிரம் வாங்கியிருந்தார்.

அந்த வருசம்தான் எல்லாம் கெட்டது. எங்கேயோ ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் விபத்து. ஐந்து உயிர் போயிற்று. அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். அதற்குப் பயந்து ஒவ்வொரு கம்பெனியாக மூடினார்கள். சீசன் நேரத்தில் ஆர்டர் இருந்தும் வேலை இல்லை. வேன் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. வேன் நின்றாலும் தவணை நிற்காது அல்லவா? அதைக் கட்டப் பலசரக்குக் கடை ரத்தினசாமி அண்ணாச்சியிடம் புரோநோட்டு எழுதி இரண்டு லட்சம் வாங்கினார். அதற்கு வட்டி கட்ட, போனிலேயே கொடுக்கிறார்களே, அந்தக் கடனை நாலைந்து இடத்தில் வாங்கினார். மைனி பேரில் மகளிர் குழுக் கடன் வேறு.

கம்பெனி திறந்து கொஞ்ச நாளில் பைனான்ஸ்காரர்கள் வேனை எடுத்துவிட்டார்கள். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். சிவகாசி ரோட்டில் ரெண்டு பைக் குறுக்கே வந்து நின்றது.

“அக்கா, எல்லாரும் எறங்குங்க. வண்டிய நாங்க எடுக்கோம்.”

“வேலைக்குப் போற நேரத்துலயா வருவீக? ஒங்க ஆத்தாள நடுரோட்டுல எறக்கிவிடுவீகளாலே?” என்று எங்களில் ஒருத்தி சண்டைக்குப் போனாள்.

அண்ணன்தான் அமர்த்தினார். “எறங்குங்க தாயி. அவுக வேலைய அவுக பாக்காக.” அம்மன் படத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். தூக்குவாளிகளோடு ரோட்டோரத்தில் நின்றோம். வேன் எங்களைத் தாண்டிப் போயிற்று. பிறகு அதை ஏலம் விட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது என்று நோட்டீஸ் வந்தது.

அதன்பின் அவர் வீட்டில் போன் ஓயவில்லை. போன் கடன்காரர்கள் சொந்தக்காரர், சம்பந்தமில்லாதவர் எல்லோருக்கும் போன் போட்டு, “இந்த ஆள் திருடன், சொல்லி வையுங்க” என்றார்கள். ரத்தினசாமி அண்ணாச்சி நேரிலேயே வந்தார்.

“ஏப்பா, ஊர்க்காவலன்னு பேரு வச்சிருக்க. ஊரான் காசக் காக்கத் தெரியலையே உனக்கு. நான் பருப்பு வித்த காசுப்பா அது, பாறையில வெளஞ்சது இல்ல.”

“தந்துருவேன் அண்ணாச்சி.”

“எப்ப? நீ போன பெறகா?”

அண்ணாச்சி கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் அண்ணனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சைக் குறைத்தார். ஒருநாள் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“யத்தா, அவுக பேச்சு சரியில்ல. நான் இல்லாமப் போயிட்டா கடன்காரங்க ஒன்ன விட்டுருவாகளான்னு கேக்காக. நான் என்ன செய்வேன்?”

எனக்குப் பயமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் காசு வாங்காமல் வக்கீல் வைத்து உதவுகிறார்கள் என்று குழுக் கூட்டத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. மறுநாளே ரெண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த வக்கீலம்மா பெயர் ஸ்ரீமதி. சின்ன வயது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டார்.

“ஐயா, கடன் கட்ட முடியாமப் போறது குற்றம் இல்ல. அதை மொதல்ல மனசுல வைங்க. வழி மூணு இருக்கு. கொடுத்தவங்ககிட்டப் பேசி, வட்டியக் குறைச்சு, தவணைய நீட்டச் சொல்லி எழுதிக் கேக்கலாம். அது நடக்கலைன்னா மக்கள் நீதிமன்றத்துல ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சு ஒரு தொகைக்கு முடிக்கலாம். மூணாவது...”

“மூணாவதச் சொல்லாதீகம்மா. எனக்குத் தெரியும்” என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் ரெண்டையும் செய்து பார்த்தார்கள். குழுக் கடன்காரர்கள் மட்டும் தவணையை நீட்டினார்கள். மக்கள் நீதிமன்றத்துக்கு அண்ணாச்சி வரவில்லை. பைனான்ஸ்காரர்கள் ஆள் அனுப்பி, குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போன் கடன்காரர்களுக்கு ஆளும் இல்லை, முகவரியும் இல்லை. மூன்றாவதைத் தவிர வேறு வழியில்லை என்றானது.

வக்கீலம்மா அதை விளக்கினார். கோர்ட் இவரைத் திவாலானவர் என்று அறிவித்தால், இவரிடம் இருப்பதைக் கோர்ட் வைக்கிற அதிகாரி எடுத்து, கடன் கொடுத்த எல்லோருக்கும் அவரவர் தொகைக்குத் தகுந்தபடி பங்கு வைப்பார். அதன்பின் இந்தக் கடனுக்காக யாரும் தனியாக வந்து இவரை நெருக்க முடியாது. கொஞ்ச காலம் கழித்து, ஒழுங்காக நடந்துகொண்டார் என்று கோர்ட் பார்த்தால் மிச்சக் கடனிலிருந்து விடுதலை கொடுக்கும். அதுவரை விஷயத்தைச் சொல்லாமல் புதிதாகக் கடன் வாங்கக் கூடாது. மைனி பேரில் உள்ள குழுக் கடன் இதில் சேராது, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

“தாலிய எடுத்துருவாகளாம்மா?” என்று மைனி கேட்டாள்.

“இல்லம்மா. தாலி, உடுத்துற துணி, பாய் தலகாணி, சோறு பொங்குற பாத்திரம், எதையும் தொட மாட்டாங்க.”

மைனி அன்றைக்குத்தான் மூச்சு விட்டாள்.

“ஆனா ஐயா, ரெண்டு விசயம். வாங்கின கடன் அத்தனையும் சொல்லணும், கைக்கு வர்ற காசு அத்தனையும் சொல்லணும். இன்னையில இருந்து எந்த ஒருத்தருக்கும் தனியாக் கொடுக்கக் கூடாது. ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா மத்தவங்களை ஏமாத்தினதா சட்டம் பாக்கும். புரியுதா?”

“புரியுதும்மா” என்றார் அண்ணன். எனக்கும் புரிந்தது. மைனிக்கும் புரிந்தது. மூன்று பேருக்கும் அண்ணாச்சி நினைவுக்கு வந்தார், பைனான்ஸ் நினைவுக்கு வந்தது. அம்மன் பணம் ஒருத்தர் மனதிலும் வரவில்லை. சாமியை யாராவது கடன்காரர் வரிசையில் வைத்து எண்ணுவார்களா?

காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு இருக்கையில் பங்குனி வந்தது. கம்பெனியிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, மூடுவதற்கு முன் ஓடின பழைய வேன் வாடகைப் பாக்கியைக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட அம்மன் பணமும் வட்டியும் எவ்வளவோ அவ்வளவு. அதை அவர் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. கம்பெனியில் இருந்து நேரே கோயிலுக்கு வந்துவிட்டார்.

எங்கள் நாட்டாமை சோணைமுத்து மாமா வெற்றிலைத் தட்டை நீட்டினார். “எங்கனலே பெரட்டுன? வட்டிக்கு வாங்கிட்டு வந்தியா?”

“இல்ல மாமா. வாடகைப் பாக்கி. சரியா இந்த நேரத்துல வந்துச்சு பாருங்க. அவளே குடுத்து அவளே வாங்கிக்கிடுதா.”

நாங்கள் குலவை போட்டோம். எனக்குக் கண்ணீர் வந்தது. இத்தனை கஷ்டத்திலும் தெய்வத்துக்குப் பிழை செய்யாத மனுசன் என்று நினைத்தேன். அண்ணன் காப்புக் கட்டினார். மைனி அக்கினிச் சட்டி எடுத்தாள். ஊர்வலம் போகையில் ரத்தினசாமி அண்ணாச்சி கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யார் சொன்னார்களோ தெரியாது. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்றுதான் ஊரே நினைத்தது, ஆகவே எல்லோரும்தான் சொல்லியிருப்பார்கள்.

பொங்கல் முடிந்து மனுவைப் போட்டார்கள். வக்கீலம்மா ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க அண்ணன் சொன்னார். நோட்டீஸ் போனதும் ஆட்கள் வருவது குறைந்தது. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் கட்டுகளை லோடு ஏற்றும் வேலை கிடைத்தது. அண்ணன் ரெண்டு வேளை சாப்பிட்டார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, “தாயி, அடுத்த வருசம் ஒரு பழைய ஆட்டோவாச்சும் ஓட்டிருவேன்” என்றார். அவர் வாயில் அடுத்த வருசம் என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். அண்ணாச்சியின் வக்கீல் எழுந்து, இந்த மனு நேர்மையானது இல்லை என்றார். மனுப் போடுவதற்கு ஒரு மாதம் முன்னால் இவர் கைக்கு ஒரு தொகை வந்தது, அதை ஒரே ஒரு கடன்காரருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டார், வந்ததையும் சொல்லவில்லை, கொடுத்ததையும் சொல்லவில்லை என்றார்.

நீதிபதி அண்ணனைப் பார்த்துக் கேட்டார். “கோயிலுக்குப் பணம் கொடுத்தீர்களா?”

“குடுத்தேங்கய்யா.”

“அங்கே கடன் வாங்கியிருந்தீர்களா?”

“கடன் இல்லைங்கய்யா. அம்மன் பணம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். “ஐயா, ஏன்யா எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கடன்தானம்மா கேட்டீக.”

“அம்மன் பேர்ல வாங்கினாலும் கடன் கடன்தான்யா.”

“அப்போ அவளும் இவுக கூட வரிசையில நிக்கணுமா?”

“சட்டப்படி நிக்கணும்.”

இன்னும் வழி அடைத்துப்போகவில்லை என்றும் அவரே சொன்னார். தெரியாமல் நடந்தது என்று எல்லாவற்றையும் மனுவில் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். நீதிபதி ஏற்றுக்கொண்டு இவரைத் திவாலானவர் என்று அறிவித்தால், அந்த அதிகாரி கோயில்காரர்களைக் கூப்பிட்டு, வாங்கின பணத்தைத் திருப்பி வைக்கச் சொல்வார். அதை எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். கோயிலுக்கும் ஒரு பங்கு வரும்.

அந்த நேரத்தில் அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். முன்னைப் போல் கத்தவில்லை. “ஏப்பா, எனக்கும் சாமி பயம் உண்டு. ஆனா எனக்குச் சேர வேண்டியதுல ஒரு பங்க எடுத்து நீ காப்புக் கட்டுனா, அந்தப் புண்ணியம் யாருக்குப்பா?” அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சேதி கேட்டுச் சோணைமுத்து மாமா மறுநாள் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

“அந்தப் பணம் இப்ப கோயில்ல இல்லலே. பொங்கல் முடிஞ்ச கையோட குடுத்தாச்சு. பாதி, நம்ம தெரு எழில் பிள்ளை நர்ஸ் படிப்புக்குப் பீஸ் கட்டப் போயிருச்சு. மீதி ஒரு வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவுக்கு. நீ கோர்ட்டுல சொல்லு. வரமாட்டோம்னு நான் சொல்லல. கூப்பிட்டா வந்து நிப்போம். அந்தப் பிள்ளைகிட்டப் போயி நான் கேக்கேன், குடுத்த பீஸைத் திருப்பி வாங்கிட்டு வான்னு. வேற என்ன செய்ய?”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அம்மனுக்குச் சம்மன் வந்துச்சுன்னு ஊரு சொல்லும். சொன்னா சொல்லட்டும். முடிவு ஒன்னோடது” என்று சொல்லிவிட்டு மாமா போனார்.

அவர் போனதும் மைனி பேசினாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

“திருப்பிக் கேளுங்க.”

“ஏ, என்ன பேசுத?”

“கேளுங்கங்கேன். அவளுக்கு வெள்ளிக் கவசம் இருக்கு, மண்டபம் இருக்கு, வருசா வருசம் பட்டு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நீங்க ஒரு ஆளுதான இருக்கீக? ஒங்கள உசுரோட வச்சுக்கிட இந்த ஒரு வழிதான இருந்துச்சு? அவ கொடுத்துட்டு நிக்கட்டும். நாம நிக்கலையா இம்புட்டு நாளா?”

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளைத் தடுக்க மட்டும் வாய் வரவில்லை.

“அவகிட்ட நான் கேக்க மாட்டேன். அந்தப் பிள்ளை படிப்பையும் நிறுத்த மாட்டேன்.”

“அதக் குடுக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த தேதியில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். நினைத்தபடி வாங்கிவிடவும் முடியாதாம், அதற்கும் நீதிபதி அனுமதி வேண்டுமாம். அனுமதித்தார்கள். வக்கீலம்மா கடைசி வரை விடவில்லை. “ஐயா, கொஞ்ச மாசம் போகட்டும். எல்லாத்தையும் சொல்லி மறுபடி போடலாம். கொடுத்து நாளாயிட்டா அந்தக் கோயில் பணத்தத் திருப்பிக் கேக்கிற நெலமை வராமலும் போகலாம். கட்டாயம் வாங்க” என்றார். அண்ணன் கும்பிட்டார். ஆனால் பிறகு போகவில்லை. நானும் பலமுறை சொன்னேன். “வேண்டாம் தாயி. அங்க போனா மறுபடியும் அவ பேச்சுத்தான் வரும்” என்று ஒரே பதில்தான்.

இதைப் படிக்கிறவர்களில் கடனில் கிடப்பவர் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். போய்க் கேளுங்கள், பயப்படாதீர்கள், அங்கே நம்மை அடிப்பவர்கள் இல்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாமியிடம் வாங்கினதையும் சொல்லுங்கள். அம்மன் என்னை மன்னிக்க வேண்டும்.

மனுவைத் திரும்ப வாங்கின சேதி எப்படித்தான் பரவியதோ, அந்த வாரமே போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. பைனான்ஸ் ஆட்கள் சனிக்கிழமைதோறும் அச்சக வாசலில் வந்து நின்றார்கள். ரெண்டு மூன்று வாரம் பொறுத்த அச்சக முதலாளி, “கஸ்டமர் வர்ற எடம்ணே, கோவிச்சுக்கிடாதீங்க” என்று கணக்கு முடித்து அனுப்பினார். அண்ணாச்சியும் கோர்ட்டில் தனியாக வழக்குப் போட்டார்.

இப்போது அண்ணன் தெற்கே தூரத்து ஊர் ஒன்றில் உள்ள பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகிறார். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டினவர். அந்த அறைக்குத்தான் பெரிய அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வாங்கின அட்வான்ஸ் அப்படியே அண்ணாச்சிக்கும் பைனான்ஸுக்கும் போயிற்று. அட்வான்ஸ் கழியும்வரை வேலையை விட்டு நிற்க முடியாது. கழிவதற்குள் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கிறது.

அவர் காலையில் கிளம்பும்போது மைனி வாசலுக்கு வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பாள். அதற்கு முன் பற்றவைக்க மனம் வரவில்லை என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். வழியில் அவளைக் கூப்பிட்டேன்.

“நீ போயிட்டு வா யத்தா” என்றாள். “எனக்கு அவகிட்டச் சொல்ல ஒண்ணுமில்ல.”

நான் தனியாகப் போய் விளக்கேற்றினேன். அண்ணன் அந்த மருந்து அறைக்குள் இருக்கிற நேரம் அது. கும்பிட்டு முடித்த பிறகும் காது தெற்குப் பக்கமே கிடந்தது.